ஆறு வயதுப் பிள்ளைக்கும் தள்ளுவண்டி வேண்டுமா? தீம் பார்க் போகுமுன் பார்க்க வேண்டியவை

பள்ளிக்கூட லீவு நெருங்கும்போது திருகோணமலையில் பல வீடுகளில் இந்தப் பேச்சு எழும். பாரிஸில் இருக்கிற சித்தப்பா "பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, டிஸ்னிலாண்ட் காட்டுறன்" என்றிருப்பார். அல்லது நாலு நாள் சிங்கப்பூர். அல்லது கேரளப் பக்கம் ஒரு பயணம், அப்படியே கொச்சியில் வொண்டர்லா பூங்கா. விசா, டிக்கெட் எல்லாம் சரிவந்து பெட்டி கட்டும்போதுதான் "ஸ்ட்ரோலர் கொண்டு போவமா?" என்ற கேள்வி வரும். "ஆறு வயசுப் பெடியனுக்கு வண்டிலோ? ஆக்கள் சிரிப்பினம்" என்று அம்மம்மா சொல்ல, அந்தப் பேச்சு அதோடு நின்றுவிடும். அப்படி நின்றுபோன பேச்சின் விலையை இரவு எட்டரை மணிக்கு, நித்திரையில் சரியும் இருபது கிலோவைத் தோளில் போட்டுக்கொண்டு ரெயின் தேடும் தகப்பன் கொடுக்கிறார்.

பிள்ளை நடக்குமா என்று கேட்டால் எல்லாரும் ஓம் என்றுதான் சொல்வார்கள். நாள் முழுக்க டச்சுக் குடாக் கடற்கரையில் ஓடுகிற பிள்ளை நடக்காதா? பத்தாவது மணித்தியாலத்திலும் நடக்குமா என்று கேட்டால்தான் சரியான பதில் வரும். பெரிய பூங்கா ஒன்றில் காலையிலிருந்து இரவு வரை நின்றால் பத்துக் கிலோமீற்றர் நடப்பது சாதாரணம். அது நகரத்திலிருந்து நிலாவெளிக்குப் போகும் வழியில் மூன்றில் இரண்டு பங்கு. பெரியவர் எடுத்துவைக்கும் ஓர் எட்டு ஏறக்குறைய 70 சென்ரிமீற்றர், ஆறு வயதுப் பிள்ளையினது 50 சென்ரிமீற்றர். அதே பத்துக் கிலோமீற்றருக்கு நீங்கள் 14,000 எட்டு வைத்தால் பிள்ளை 20,000 எட்டு வைக்க வேண்டும். வரிசையில் நிற்கும் நேரம் இந்தக் கணக்கில் சேரவில்லை. ஓடுகிற பிள்ளைக்கு ஓட்டத்தைவிட நிற்பதுதான் கூடக் களைப்பு.

வயதை விட்டுவிட்டு முதலில் மணிக்கூட்டைப் பாருங்கள். எங்கள் ஆக்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். கோடையில் பாரிஸ் எங்கள் நேரத்தைவிட மூன்றரை மணித்தியாலம் பின்னால், மாரியில் நாலரை. இங்கே இரவு ஒன்பதுக்குப் படுக்கும் பிள்ளைக்கு ஓகஸ்டில் பாரிஸின் பின்னேரம் ஐந்தரைக்கே நித்திரை நேரம் வந்துவிடும். அங்கே கோடையில் பொழுது இரவு ஒன்பது தாண்டித்தான் இருட்டும். வாணவேடிக்கை அதற்குப் பிறகு. அந்த நேரம் பிள்ளையின் உடம்புக்கு நடுச்சாமம் கழிந்து ஒரு மணியும் தாண்டியிருக்கும். ஏழு வயதுப் பிள்ளையும் அந்த நேரத்தில் நடக்காது, நடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியில்லை. சிங்கப்பூரில் நிலைமை தலைகீழ். அது எங்களைவிட இரண்டரை மணித்தியாலம் முன்னால் என்பதால் அங்கே இரவு ஏழு என்றால் பிள்ளைக்குப் பின்னேரம் நாலரை, இன்னும் தெம்பாகவே இருக்கும். அங்கே காலையில் எழுப்புவதுதான் பாடு. இந்தியாவுக்கு நேர வித்தியாசமே இல்லை. ஆகவே அதே ஆறு வயதுப் பிள்ளைக்குப் பாரிஸில் வண்டி வேண்டியிருக்கும், சிங்கப்பூரில் வேண்டாமலே போகலாம். பாரிஸ் போகிறவர்கள் டிஸ்னிலாண்டை வந்திறங்கிய மறுநாளே வைக்காமல் நாலாம் ஐந்தாம் நாளுக்குத் தள்ளினால் பாதிச் சிக்கல் தீரும். ஒரு மணித்தியால வித்தியாசத்துக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொண்டால் உடம்பு பழகிவிடும்.

அதோடு, பயணம் விமானத்தில் தொடங்குவதில்லை. கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று வான் பிடித்துக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போக ஐந்தாறு மணித்தியாலம். இரவு ரெயினில் போனாலும் பிள்ளை ஒழுங்காக நித்திரை கொள்ளாது. விமானம் ஏறுமுன்பே ஓர் இரவின் நித்திரை போய்விடுகிறது.

அடுத்தது நிறை. தள்ளுவண்டிகளுக்கான ஐரோப்பியத் தரம் ஈஎன் 1888 இரண்டு பகுதியாக இருக்கிறது: முதற்பகுதி 15 கிலோ வரைக்கும், இரண்டாம் பகுதி 15 கிலோவுக்கு மேல் 22 கிலோ வரைக்கும். வண்டியின் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சிட்டையிலோ பெட்டியிலோ எத்தனை கிலோ வரை என்று போட்டிருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி ஆண்பிள்ளையின் நடுத்தர நிறை 3 வயதில் 14.3 கிலோ, 4 வயதில் 16.3, 5 வயதில் 18.3, 6 வயதில் 20.5, 7 வயதில் 22.9. பெண்பிள்ளைக்கு 7 வயதில் 22.4. எங்கள் பிள்ளைகள் பலர் இதைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருப்பார்கள். எப்படிப் பார்த்தாலும் 15 கிலோ வண்டியின் காலம் நாலு வயதோடு முடிகிறது. 22 கிலோ வண்டி ஆறரை, ஏழு வரை தாங்கும். கிளினிக் கொப்பியில் கடைசியாக எழுதிய நிறையை நம்ப வேண்டாம். ஐந்து வயதுக்குப் பிறகு அநேகமாக ஒருவரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. ஒரு ஃபார்மசித் தராசில் சப்பாத்தோடு நிறுத்துப் பாருங்கள்.

நிறை சரி என்றாலும் உயரம் இடிக்கும். பிள்ளையைச் சுவரோடு ஒட்டி நிலத்தில் இருத்தி, தலை உச்சிக்கு நேரே பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். 110 சென்ரிமீற்றர் உயரமான பிள்ளைக்கு அது ஏறக்குறைய 60 சென்ரிமீற்றரில் வரும். இனி வண்டியின் இருக்கையிலிருந்து வெயில் மறைப்பின் உட்பக்கம் வரை அளந்து பாருங்கள். தலை இடித்தால் பிள்ளை முன்னுக்குச் சரிந்து இருக்கும், நித்திரையானதும் கழுத்துத் தொங்கும். கால்மிதியையும் பார்க்க வேண்டும். பாதம் நிலத்தில் உரசினால் ஒன்றில் சப்பாத்து முன்சக்கரத்தில் சிக்கும், அல்லது பிள்ளை காலால் பிரேக் பிடிக்கப் பார்க்கும். இரண்டிலும் கால் திருகும்.

தம்பி தங்கச்சி பிறந்தபோது வாங்கி விறாந்தையில் மடித்து வைத்த வண்டியை எடுப்பவர்கள் இன்னொன்றையும் மறக்கக்கூடாது. எங்கள் ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறது. நாலு வருடம் விறாந்தையில் நின்ற வண்டியில் முதலில் போவது பிரேக்கின் சுருள்கம்பி, அதற்குப் பிறகு மடிப்புக் கொக்கியின் தறையாணி. வெளியில் பளபளவென்றுதான் இருக்கும். வெயில் பட்ட பிளாஸ்டிக் கொளுக்கி கல்லுமாதிரி இறுகி, ஒருநாள் இழுக்கும்போது படக்கென்று முறியும். சக்கர அச்சில் கடற்கரை மணல் இருந்தால் தள்ளும்போது கரகரக்கும். நல்ல தண்ணீரால் கழுவி, நிழலில் காயவிட்டு, சிலிக்கோன் ஸ்பிரே அடியுங்கள். தேங்காயெண்ணெயோ கிறீஸோ பூசினால் அது மணலை இழுத்துப் பிடித்து அச்சைத் தேய்க்கும்.

பிறகு அரிசிப் பையால் சோதனை. பத்துக் கிலோப் பை ஒன்று, ஐந்து கிலோப் பை இரண்டு, மொத்தம் 20 கிலோ. பெரிய பையை இருக்கையில் வைத்து, சிறியவை இரண்டையும் அதன்மேல் முதுகுப் பக்கம் சாய்த்து வைத்து, பட்டியைக் கட்டுங்கள். உவர்மலைச் சரிவு மாதிரி ஓர் ஏற்றத்தில் கொண்டுபோய் நிறுத்தி, பிரேக் போட்டு, கையை வண்டியை விட்டு ஒரு சாண் எட்டத்தில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நில்லுங்கள். முன்பக்கம் மேலே பார்க்க ஒரு தடவை, கீழே பார்க்க ஒரு தடவை. அரை அங்குலம் அசைந்தாலும் அந்த பிரேக் வேண்டாம். பிறகு பத்து நிமிடம் தள்ளிப் பாருங்கள். மலிவான குடை மடிப்பு வண்டிகளில் சுமை கூடியதும் முன்சக்கரங்கள் ஆடத் தொடங்கும், கைப்பிடிகள் இரண்டும் ஒன்றையொன்று நோக்கி வளையும். நடைபாதை விளிம்பில் ஏற்ற முன்பக்கத்தைத் தூக்கப் பார்த்தால் 20 கிலோவோடு அது தூக்குப்படாது. வண்டியைத் திருப்பி, பின்சக்கரத்தை முதலில் ஏற்றி, உங்கள் பக்கமாக இழுப்பதுதான் வழி. அரிசிப் பையோடு இதை நாலைந்து தரம் செய்து கைபழக்கிக்கொள்ளுங்கள். பாரிஸில் சித்தப்பா வீட்டு வண்டியை இரவல் வாங்கினாலும் இதே சோதனைதான்.

கைப்பிடியில் பை தொங்கவிடும் பழக்கம் பெரிய பிள்ளையோடு ஆபத்து. பிள்ளை இருக்கும்வரை வண்டி நேராக நிற்கும். சிறு பிள்ளையை நீங்கள் தூக்கி இறக்குவீர்கள், ஆறு வயதுப் பிள்ளை சொல்லாமல் குதித்து இறங்கும். அந்த நொடியில் பையின் பாரம் வண்டியைப் பின்னுக்குச் சாய்க்கும். கமரா, தண்ணிப் போத்தல் எல்லாம் நிலத்தில். பின்னால் வேறு பிள்ளை நின்றால் அதன்மேல். பாரத்தைக் கீழ்க்கூடையில் போடுங்கள்.

இவ்வளவும் வண்டியைப் பற்றி. பிள்ளையைச் சோதிக்க எங்கள் ஊரிலேயே நல்ல பாதை இருக்கிறது. பிரட்றிக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் வரை ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர், ஏற்றத்தோடு. போக வர இரண்டு. பள்ளிக்கூடம் விட்டு, சாப்பிட்டு, பின்னேரம் மூன்றரைக்குத் தொடங்குங்கள், ஏற்கெனவே பாதி களைத்த பிள்ளைதான் சோதனைக்கு வேண்டும். ஏறும்போது கவனிக்க ஒன்றுமில்லை. கோட்டைக்குள் மான் நிற்கும், வழிநெடுகக் கடைகள் இருக்கும், எந்தப் பிள்ளையும் இழுத்துக்கொண்டு ஓடும். திரும்பும்போது பாருங்கள். மானைப் பார்த்தாயிற்று, விளையாட்டுச் சாமான் வாங்கியாயிற்று, இனி வீடு மட்டும்தான் மிச்சம். தீம் பார்க்கின் கடைசி மணித்தியாலமும் இதே மாதிரித்தான். கீழே வந்ததும் இருபது நிமிடம் இருத்தி, தண்ணியும் ஒரு வாய்ச் சாப்பாடும் கொடுத்து, கடற்கரைப் பக்கமாக இன்னும் இரண்டு கிலோமீற்றர் நடத்துங்கள். இளைப்பாறிய பிறகு மறுபடி துள்ளுகிற பிள்ளைக்கு வண்டி தேவைப்படாது, இடையிடையே இருத்தினால் போதும். இளைப்பாறியும் கால் இழுபட்டு, சமதரையில் தடக்கி, "அம்மா, தூக்குங்கோ" என்று கை நீட்டுகிற பிள்ளைக்கு வண்டி வேண்டும். வயது ஐந்தா ஏழா என்பது இதற்குப் பிறகுதான்.

இந்தச் சோதனையைப் புதுச் சப்பாத்தோடு செய்யுங்கள். எங்கள் பிள்ளைகள் செருப்போடும் வெறுங்காலோடும் வளர்ந்தவர்கள். பள்ளிச் சப்பாத்தும் வகுப்புக் கதிரையில் இருக்கும்போதுதான் அதிகம் காலில் கிடக்கிறது. பயணத்துக்கென்று வாங்கிய சப்பாத்தை அன்றைக்கே முதன்முதலாகப் போட்டால் மதியத்துக்குள் குதிக்காலில் கொப்புளம். நன்றாக நடக்கிற பிள்ளை வண்டி கேட்பதற்குப் பல தடவை இதுதான் காரணம். ஒரு மாதம் முன்பே வாங்கி, கால்விரல் நுனிக்கு முன்னால் உங்கள் கைப் பெருவிரல் அகலத்துக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்து, இரண்டு கிழமை போடப் பழக்குங்கள். பையில் இரண்டாவது சோடிக் காலுறையும் பிளாஸ்டரும் இருக்கட்டும். நனைந்த காலுறையை மாற்றாமல் நடந்தால் தோல் உரியும்.

பூங்காவுக்குப் பூங்கா விடை மாறும். யுனிவர்சல் ஸ்டுடியோஸ் சிங்கப்பூர் ஏறக்குறைய 20 ஹெக்டயர், ஒரு குளத்தைச் சுற்றி வட்டமாக அமைந்தது. எங்கே நின்றாலும் வாசல் தூரமில்லை. வெயிலும் மழையும்தான் அங்கே பிரச்சினை. டிஸ்னிலாண்ட் பாரிஸில் இரண்டு பூங்கா பக்கத்தில் பக்கத்தில், வாசலோடு பாரிஸ் நகரத்துக்குப் போகும் ஆர்இஆர் ஏ ரெயின் நிலையம். புளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்ட் நாலு பூங்காக்கள் கொண்டது, வாகனத் தரிப்பிடமே ஒரு பயணம். அங்கே போகும் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைக்கு வண்டி வேண்டும் என்றே வைத்துக்கொள்ளலாம். அங்கும் கலிபோர்னியா டிஸ்னிலாண்டிலும் 2019 மே 1 முதல் அளவுக் கட்டுப்பாடு உண்டு: அகலம் 79 சென்ரிமீற்றர், நீளம் 132 சென்ரிமீற்றருக்குள். பெட்டி மாதிரி இழுத்துச் செல்லும் 'வாகன்' (wagon) வகை வண்டிகளுக்கு அனுமதியே இல்லை. வொண்டர்லா மாதிரி தண்ணீர் விளையாட்டு பாதியாக உள்ள இடங்களுக்குத் தள்ளுவண்டி வீண். பிள்ளை நாள் முழுக்க நனைந்திருக்கும், வண்டி ஒரு மூலையில் நிற்கும். துவாயும் வழுக்காத செருப்பும் கொண்டு போங்கள்.

பூங்காவிலேயே வாடகைக்கு எடுக்கலாமே என்பார்கள். எடுக்கலாம், பெரும்பாலும் கெட்டியான வண்டிதான். ஆனால் பல இடங்களில் அதன் முதுகு சாயாது, நித்திரையான பிள்ளை ஒரு பக்கம் மடிந்துபோகும். அதைவிட முக்கியம், அதை வாசலோடு திருப்பிக் கொடுக்க வேண்டும். உங்களுக்கு வண்டி மிகவும் தேவைப்படுவது வாசலுக்கு வெளியேதான். பாரிஸில் எங்கள் தமிழ்க் கடைகள் இருக்கிற லாச்சப்பல் பக்கம் தங்குகிறவர்கள் டிஸ்னிலாண்டிலிருந்து ஆர்இஆர் ஏ எடுத்து, சாத்தலே நிலையத்தில் மாறி, கார் து நோர் நிலையம் வரை போக வேண்டும். பாரிஸ் மெற்றோ நிலையங்கள் பலவற்றில் லிஃப்ற் இல்லை, படிதான். ஒருவர் பிள்ளையையும் மற்றவர் வண்டியையும் தூக்க வேண்டும். ஆகவே அந்த ஊருக்கு ஏழு கிலோவுக்கு மேற்பட்ட வண்டி வேண்டாம், ஒரு கையால் மடிக்க முடியவும் வேண்டும். பூங்காவுக்குப் பக்கத்து ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு வாடகை வண்டியே போதும், அல்லது மதியம் ஒரு மணிக்கு வெளியே வந்து பிள்ளையைப் படுக்கவைத்து நாலரைக்குத் திரும்பிப் போகலாம். அப்படிச் செய்ய முடிந்தால் பல குடும்பங்களுக்கு வண்டியே தேவைப்படாது.

விமானத்தில் கைக்குழந்தைக்குத் தள்ளுவண்டி இலவசம் என்பது பெரும்பாலும் பொது வழக்கம். ஆறு வயதுப் பிள்ளை கைக்குழந்தை அல்ல. பிள்ளையின் வயதைச் சொல்லி டிக்கெட் எடுக்கும்போதே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். விமானக் கதவடியில் கொடுத்த வண்டி சில விமான நிலையங்களில் கதவடியில் திரும்பக் கிடைக்காது, பெட்டிகள் வரும் பெல்ற்றில்தான் வரும். இறங்கியதும் உள்ள நீண்ட நடைக்கு வண்டியை நம்பியிருக்க வேண்டாம்.

உள்ளே போனபின் ஒரு பழக்கம் நன்றாகப் பலன் தரும். வண்டியைப் பிள்ளையின் வண்டி என்று சொல்லாதீர்கள், பை வண்டி என்று சொல்லுங்கள். மதியம் வரை தண்ணியும் பையும் மட்டும் அதில் போகட்டும். காலையிலேயே ஏற்றினால் பிறகு அந்தப் பிள்ளை இறங்காது. முதலே "நீ சின்னப் பிள்ளையோ?" என்று கேலி செய்துவிட்டால் கால் வீங்கினாலும் ஏறாது. மதியத்துக்குப் பிறகு கேட்காமலே "கொஞ்சம் இரு ராசா, அங்கால போய் இறங்கலாம்" என்றால் மானம் போகாமல் ஏறிவிடும்.

வரிசைக்குள் வண்டி போகாது, வெளியே தரிப்பிடத்தில் விட வேண்டும். ஊழியர்கள் ஒழுங்குபடுத்துவதற்காக அதை நகர்த்துவார்கள். அதனால் கம்பியோடு பூட்டக்கூடாது. நூறு வண்டிக்குள் உங்களுடையதைக் கண்டுபிடிக்கக் கைப்பிடியில் பளிச்சென்ற சேலைத் துண்டு ஒன்றைக் கட்டி, நிறுத்திய இடத்தைப் போனில் ஒரு படம் எடுங்கள். கடவுச்சீட்டும் காசும் உங்களோடு. சிங்கப்பூரில் பின்னேர மழை திடீரென்று கொட்டும். ஒரு சவாரி முடித்து வருவதற்குள் இருக்கைப் பஞ்சு தண்ணி குடித்துவிட்டால் அன்றைக்கு வண்டி பயன்படாது. பெரிய குப்பைப் பை ஒன்றைக் கூடையில் வைத்திருந்து, வண்டியை விடும்போதெல்லாம் போர்த்துவிடுங்கள். வெயிலில் விட்டாலும் அதே போர்வை கொளுக்கி சுடாமல் காக்கும். ஆனால் பிள்ளை உள்ளே இருக்கும்போது எந்தத் துணியாலும் வண்டியை மூடக்கூடாது. காற்றோட்டம் நின்று, உள்ளே சூடு ஏறும். டிசம்பர் பாரிஸில் நடக்கிற உங்களுக்கு வேர்க்கும்போது அசையாமல் இருக்கிற பிள்ளைக்குக் கால் விறைக்கும். உங்களைவிட ஓர் உடுப்பு கூடப் போட்டு, முழங்காலுக்குக் கீழே கம்பளி சுற்றுங்கள். அங்கே டிஸ்னிலாண்ட் வாசலை அடுத்த மெயின் ஸ்ட்ரீற் தெருவில் குதிரை வண்டித் தண்டவாளம் நிலத்தோடு பதிந்திருக்கும். சிறிய முன்சக்கரம் அதற்குள் இறங்கினால் வண்டி சடாரென்று நிற்கும். தண்டவாளத்தை எப்போதும் சாய்வாக அல்லாமல் நேர் குறுக்காகக் கடவுங்கள்.

ஓட்டிசம், இதய நோய், தசை நோய், கடும் ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு மேலே சொன்ன நடைச் சோதனை எதுவும் வேண்டாம். அவர்களுக்கு வண்டி ஒரு மருத்துவத் தேவை. ஊரார் சிரிப்புக்கு அங்கே இடமில்லை. வால்ட் டிஸ்னி வேர்ல்டில் விருந்தினர் சேவைப் பிரிவில் கேட்டால் தள்ளுவண்டியைச் சக்கர நாற்காலியாகக் கணிக்கும் அட்டை கட்டித் தருவார்கள், அதோடு வரிசைக்குள்ளும் போகலாம். மற்றப் பூங்காக்களுக்கு விசேட வைத்தியரின் ஆங்கிலக் கடிதமும் டயக்னோசிஸ் கார்ட்டின் பிரதியும் கையில் இருக்கட்டும். சில இடங்களில் முன்கூட்டியே பதிய வேண்டும். 22 கிலோ தாண்டிய பிள்ளைக்குச் சாதாரண ஸ்ட்ரோலரைத் திணிக்காமல் பூங்காவிலேயே சக்கர நாற்காலி கேளுங்கள்.

மூன்றும் ஆறுமாக இரண்டு பிள்ளைகள் என்றால் இரட்டை வண்டி அவசரத்துக்கு வாங்க வேண்டாம். ஒற்றை வண்டியின் பின்னால் பூட்டும் நிற்கும் பலகை கிடைக்கிறது, பலவும் 20 கிலோ அளவு தாங்கும். அதில் மூத்த பிள்ளை நின்று வரலாம். நித்திரை கொள்ள முடியாது என்பதுதான் குறை. இரவுவரை நிற்கிற திட்டம் என்றால் மூத்த பிள்ளைக்கு இருக்கை, இளைய பிள்ளைக்குத் தகப்பன் தோள். நிறையின் கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

ஊர் திரும்பியதும் வண்டியை அப்படியே விறாந்தையில் மடித்து வைக்காதீர்கள். கழுவிக் காயவிட்டு, தடித்த பொலித்தீனில் சுற்றி உள்ளறையில் வையுங்கள். அல்லது அடுத்த லீவுக்குப் போகிற வீட்டுக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது எத்தனை கிலோ வரை தாங்கும், பிரேக் எப்போது பார்த்தது என்று ஒரு துண்டில் எழுதிக் கைப்பிடியில் கட்டிவிடுங்கள்.